வாசலில் நிற்கிறவர்

மிச்சம்
தெற்கு லண்டன்
14 ஒக்டோபர் 2024

மதிப்பிற்குரிய சிவகௌரி ரீச்சருக்கு,

இனித் தொலைபேசியில் அழைக்க வேண்டாம் என்று சொன்னீர்கள். கடிதம் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன இடைவெளிக்குள் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். இதுவும் பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி போடுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

என் பக்கத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் கதவும் பூட்டும் மாட்டுகிறவன். ஜேர்மனியில் பதினெட்டு வருடம், லண்டனில் ஒன்பது வருடம், அதே வேலைதான். ஹரோ நூலகத்துக்குப் பூட்டு மாற்ற வந்த நாளில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் பலகையில் எழுதிக்கொண்டு நின்றீர்கள். பழைய ஆங்கிலக் காதல் கதைகள், பெரியவர்களுக்கான பத்து வார வகுப்பு என்று வாசலில் ஒட்டியிருந்தது. அன்றைக்கே பெயரைப் பதிந்தேன். அறுநூறு வருடத்துப் பழைய கதைகளுக்காக வந்தேன் என்று சொன்னால் அது பொய்.

கடைசி வகுப்பை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு வீரன் தன் பிரபுவின் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைக்குள் வைத்து, "இனி நான் உங்கள் ஆள்" என்று சொல்வான் என்றீர்கள். காதல் கதைகள் அந்தச் சடங்கை அப்படியே எடுத்து, பிரபு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை இருத்திவிட்டன என்றீர்கள். யாராவது செய்து காட்டுங்கள் என்று கேட்டபோது நான்தான் எழும்பி வந்தேன். நாங்கள் படித்து முடித்த கதையில் வந்த சீமாட்டியைப் போலவே நீங்களும் கட்டளையிட்டீர்கள்: "என் வாசலில் நில். ஒருவரையும் உள்ளே விடாதே." மழைக்கோட்டுப் பையிலிருந்து ஒரு சாம்பல்நிறக் கையுறையை எடுத்து என் கையில் வைத்தீர்கள். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அனுப்பிய குறுஞ்செய்திகளை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் எழுதக்கூடியவை அல்ல.

போன செவ்வாய்க்கிழமை ஏணியிலிருந்து விழுந்து வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தொடை வரைக்கும் கட்டு. மூன்றாம் மாடி, லிப்ட் வேலை செய்யாது. பக்கத்து வீட்டு யோகமலர் அக்காதான் சாப்பாடு தருகிறார். இதையும் அவர்தான் தபாலில் போடுவார். நான் உங்களுக்குத் தொல்லையாக வர வழியே இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும்.

உங்களிடம் எனக்கு ஒன்றும் வேண்டாம். இதை மட்டும் நம்புங்கள்.

இப்படிக்கு,
கொட்வின்


ஹரோ
2 நவம்பர் 2024

கொட்வின்,

என் வீட்டு வாசலில் வந்து நிற்பதை உடனே நிறுத்துங்கள்.

போன வாரம் பொயிலர் திருத்த ஆள் வருவதாக இருந்தது. காலை முழுக்க வீட்டில் குந்திக்கொண்டு காத்திருந்தேன். மத்தியானம் கம்பனிக்கு அழைத்துக் கேட்டால், ஆள் வந்ததாம், வாசலில் நின்ற ஒருவர் நான் யாரையும் பார்ப்பதில்லை என்று சொன்னாராம், திரும்பிவிட்டாராம். ஏதோ வீடு மாறிப்போய்விட்டது என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை என் பிறந்தநாள். என்னோடு கல்லூரியில் படிப்பிக்கிற றஜீனா கேக் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் லேசில் திரும்பிப் போகிற பெண் அல்ல. சாம்பல்நிற மழைக்கோட்டோடு ஒருவர் படியில் நின்றாராம். மழையே இல்லாத நாள், ஆனால் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததாம். "அவா இப்ப ஒருத்தரையும் பாக்கிறதில்லை, குறை நினையாதேங்கோ" என்று மிக மரியாதையாகச் சொன்னாராம். இடது கையில் ஒரு பெண்ணின் கையுறை, விரல் மொளி வரைக்கும்தான் ஏறியிருந்ததாம். ஏன் திரும்பினாய் என்று அவளிடம் கேட்டேன். "எனக்கே தெரியேல்லை. ஸ்டேசனுக்குக் கிட்டப் போன பிறகுதான் கையில கேக் இருக்கிறதைக் கண்டன்" என்றாள்.

அந்தக் கையுறையை யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும். முறிந்த காலோடு ஹரோவுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்க மாட்டேன். கால் முறியவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பில் நடந்தது ஒரு விளையாட்டு. நான் அதைச் செய்திருக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இனியொரு தடவை வந்தால் பொலிசுக்குத்தான் சொல்வேன்.

சிவகௌரி


மிச்சம்
7 நவம்பர் 2024

ரீச்சர்,

ஆஸ்பத்திரி தந்த கடிதத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் திகதி இருக்கிறது, எலும்பின் படமும் இருக்கிறது. ஒக்டோபர் எட்டாம் திகதிக்குப் பிறகு நான் படி இறங்கவில்லை. யோகமலர் அக்காவின் இலக்கத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது.

கையுறையை மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வாசித்த பிறகு லாச்சியைத் திறந்தேன். நனைந்து கிடந்தது. ஈரப்பிடிப்பு என்று சொல்ல முடியாது, பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. ஹீற்றருக்கு மேல் காயப்போட்டேன், ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது. மத்தியானம் அக்கா சோறு கொண்டுவந்தபோது அவர்தான் முதலில் கண்டார். "இதென்ன, ஆரும் போட்டுக்கொண்டு மழைக்க நிண்டவையே?" என்று தூக்கிக் காட்டினார். மறுபடி சொட்டச் சொட்ட ஈரம். விரல் பக்கமெல்லாம் இழுபட்டு, தையல் விட்டிருந்தது.

என் கையை அதற்குள் நான் ஒருநாளும் விட்டதில்லை.

கொட்வின்


ஹரோ
20 நவம்பர் 2024

கொட்வின்,

ஆஸ்பத்திரிக் கடிதத்தை நம்பவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று நினைத்தேன். அதனால் திங்கட்கிழமை, கல்லூரி இல்லாத நாள், உங்களுக்குச் சொல்லாமல் மிச்சத்துக்கு வந்தேன். உங்கள் கட்டடத்துக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பில் நின்றேன். மூன்றாம் மாடி ஜன்னலில் உங்களைக் கண்டேன். கட்டுப்போட்ட காலை ஒரு கதிரைக்கு மேல் நீட்டிக்கொண்டு தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நேரம் பதினொன்று பத்து.

அங்கே நின்றபடியே ஹரோவில் என் எதிர்வீட்டு நாகேஸ்வரிக்கு அழைத்தேன். என் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கச் சொன்னேன். அவர் திரைச்சீலையை விலக்குகிற சத்தம் கேட்டது. "ஓம், நிக்கிறார். ஒவ்வொரு நாளும் நிக்கிறவர்தானே? நீங்கள் காவலுக்கு வைச்ச ஆள் எண்டல்லோ நான் நினைச்சனான்" என்றார். மழை தூறத் தொடங்கியிருக்கிறது, ஆள் முகத்தை மேலே தூக்கி அதை வாங்கிக்கொண்டு நிற்கிறார் என்றும் சொன்னார். அதே நேரம் நீங்கள் ஒரு சுளையை வாயில் போட்டீர்கள்.

ஆகவே உங்கள் மேல் சுமத்திய பழிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பயம் இப்போது முன்னையைவிட அதிகம்.

நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை. கதவைத் திறந்தால் படி வெறுமையாக இருக்கும். ஈரமான இரண்டு சப்பாத்து அடையாளங்கள் மட்டும், நுனி தெருவைப் பார்த்தபடி. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னொன்றும் கவனித்தேன். மூன்று வாரமாக எனக்குத் தபாலே வரவில்லை. உங்கள் கடிதங்கள் மட்டும் வருகின்றன.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு மகள், கோசிகா. இருபத்தாறு வயது. கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறாள். கணவர் விட்டுப்போன பிறகு அவளும் நானும்தான். ஓகஸ்ட்டில், தானே தெரிந்தெடுத்த லக்‌ஷன் என்ற பையனோடு பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டு வந்து சொன்னாள். என்னைக் கேட்காமல் செய்துவிட்டாளே என்று கத்தினேன். அதற்குப் பிறகு பேச்சு இல்லை, தொலைபேசியும் இல்லை. அவள் எப்போதாவது நேரே வருவாள் என்றுதான் இருக்கிறேன். வந்தால் அந்தப் படியைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அவர் உங்களுடையவர் என்றால், தயவுசெய்து திருப்பிக் கூப்பிடுங்கள்.

சிவகௌரி


மிச்சம்
25 நவம்பர் 2024

ரீச்சர்,

கூப்பிட்டேன். கையுறையை மடியில் வைத்துக்கொண்டு "போதும், வா" என்று தமிழில் சொன்னேன், ஜேர்மன் மொழியிலும் சொன்னேன். எரித்துவிடலாம் என்றும் நினைத்தேன். எரித்தால் அங்கே நிற்கிறவருக்கு என்ன ஆகும், உங்கள் வீட்டுக்கு என்ன ஆகும் என்று தெரியாததால் விட்டுவிட்டேன். அது இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் படித்த கதையைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அந்தச் சீமாட்டி தொல்லை தாங்காமல்தான் வீரனை வாசலில் நிற்கச் சொல்கிறாள், பிறகு மறந்தும்போகிறாள். அவன் பனிக்காலம் முழுக்க நிற்கிறான். போரிலிருந்து திரும்பி வந்த அவளுடைய சொந்தத் தம்பியையே உள்ளே விடாமல் அனுப்பிவிடுகிறான். பனி கரைந்த பிறகு தம்பியின் உடலை வழியில் கண்டெடுக்கிறார்கள். அவள் ஓடிவந்து "போ" என்கிறாள். அவன் போகவில்லை. அதை நீங்கள் விளக்கியது என் கொப்பியில் இருக்கிறது: ஊழியம் செய்தவனுக்குப் பிரபு கைமாறு கொடுக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பேருக்கும் விடுதலை. அவள் நிலம் தருகிறேன் என்கிறாள், குதிரை தருகிறேன் என்கிறாள், கடைசியில் தன்னையே தருகிறேன் என்கிறாள். எல்லாவற்றுக்கும் அவன் ஒன்றும் வேண்டாம் என்கிறான். அதற்குப் பிறகு ஏட்டில் பக்கங்கள் இல்லை.

வகுப்பில் எல்லோரும் அதை எவ்வளவு உயர்ந்த காதல் என்று சொன்னோம். நான்தான் முதலில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கைமாறு கொடுத்தால் அவர் போவார் என்றால், நீங்கள் எனக்கு எதைக் கொடுப்பது? யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கும் ஒன்றும் வேண்டாம் ரீச்சர்.

கொட்வின்


ஹரோ
9 டிசம்பர் 2024

கொட்வின்,

கோசிகா வந்திருக்கிறாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

எனக்கு அது தெரியாது. இனியும் காத்திருக்க ஏலாது என்று சனிக்கிழமை நானே பார்க்கிங்குக்குப் போனேன். கதவைச் சங்கிலி போட்டபடிதான் திறந்தாள். அந்த இடுக்கால் அவள் முகத்தில் பாதி தெரிந்தது. அழுது முடித்த முகம். "நான் வந்தனான் அம்மா. மூண்டு தரம் வந்தனான். உங்கட வாசலில நிக்கிறவர் விடேல்லை" என்றாள். அவர் யாரென்று எனக்கும் தெரியாது என்றேன். நம்பவில்லை. கடைசித் தடவை, அம்மாவிடம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினாளாம். அதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம்: "அவாக்கு ஒரு மகள் இருந்தவ. ஓகஸ்ட் மாதம் செத்துப்போனா."

கொட்வின், அது என் வார்த்தை. அவள் கோபித்துக்கொண்டு போன அன்று பின்னேரம், குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நான் எனக்கே சொன்னது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்டேன், அல்லது மறக்கப் பார்த்தேன். அப்போது உங்களை எனக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது.

ஆகவே அவர் உங்கள் ஆள் மட்டும் அல்ல. வகுப்பில் ஒருவரையும் உள்ளே விடாதே என்று சொன்னபோது நான் நடிக்கவில்லை போலிருக்கிறது. உங்கள் கையில் கையுறையை வைத்தபோது இதையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

திருமணம் இருபத்தோராம் திகதி. "வாறதெண்டா அந்தாளை அனுப்பிப்போட்டு வாங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

இனி உங்கள் பங்கைக் கேளுங்கள். ஒன்றும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று முதல் கடிதத்திலிருந்தே எழுதுகிறீர்கள். இருபது வருடமாக இந்தக் கதைகளைப் படிப்பிக்கிறேன், இதைப் பெருந்தன்மை என்றுதான் நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது என் வீட்டுக்குள் இருந்துகொண்டு பார்க்கும்போது வேறு விதமாகத் தெரிகிறது. கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்லலாம், அவனும் எழும்பிப் போவான். ஒன்றும் கேட்காமல் நிற்கிறவனை என்ன சொல்லி அனுப்புவது? அவன் நிற்கிற வரைக்கும் வீடு அவனுடையது.

எனக்கு உண்மை வேண்டும். நீங்கள் என்னிடம் விரும்பியது என்ன? நல்ல மனிதராக எழுதாமல், இருக்கிறதை எழுதுங்கள்.

சிவகௌரி


மிச்சம்
13 டிசம்பர் 2024

ரீச்சர்,

இந்தக் கடிதத்தை நாலு தரம் கிழித்தேன்.

வகுப்பு முடிய உங்களைச் சுற்றி எப்போதும் ஆட்கள். ஒருவர் சந்தேகம் கேட்பார், ஒருவர் புத்தகம் கேட்பார், வெளியே றஜீனா காத்துக்கொண்டு நிற்பார். நான் என் கோட்டை மெதுவாகப் போட்டுக்கொண்டு நிற்பேன். இவர்கள் ஒருவரும் இல்லாமல் போகவேண்டும் என்று நினைப்பேன். அவர்களுக்கு ஏதாவது நடக்கவேண்டும் என்று அல்ல, உங்களிடம் வர ஒருவருக்கும் வழி இருக்கக் கூடாது என்று. எல்லாக் கதவும் பூட்டியிருக்க, திறப்பு என்னிடம் மட்டும் இருக்கவேண்டும். உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தாலும் நல்லதுதான், நான் வந்து காப்பாற்றலாம் என்றும் நினைத்திருக்கிறேன். இதற்கெல்லாம் காதல் என்று பெயர் வைத்து, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று மூடிவைத்தேன்.

பொயிலர்காரரும் றஜீனாவும் திரும்பிப் போனதாக நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல. சந்தோஷம். பயம் பிறகுதான் வந்தது. உங்கள் மகள் அந்தப் படியில் நின்று கெஞ்சியதை வாசித்தபோதும், ஒரு கண நேரம், அதுவேதான். இதைச் சொல்ல நா கூசுகிறது.

நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். எனக்கு வேண்டியது நீங்கள். அது கிடைக்காது என்று தெரியும். ஆனால் அதை நீங்கள் என் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொல்லவில்லை. என் இலக்கத்தை அடைத்தீர்கள், பொலிஸ் என்று எழுதினீர்கள். நேரே வந்து, எனக்கு எதிரே இருந்து, மாட்டேன் என்று சொல்லுங்கள். ரீச்சராகவும் வேண்டாம், சீமாட்டியாகவும் வேண்டாம். கைமாறு என்று ஒன்று இருந்தால் எனக்கு அதுதான்.

பதினெட்டாம் திகதி காலை கட்டு அவிழ்க்கிறார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் கட்டடத்துக்குக் கீழே உள்ள தேநீர்க் கடைக்கு ஊன்றுகோலோடு இறங்கி வருவேன். வராவிட்டாலும் குறை நினைக்க மாட்டேன்.

கொட்வின்


ஹரோ
23 டிசம்பர் 2024

அன்புள்ள கொட்வின்,

புதன்கிழமை தேநீர்க் கடையில் பிரிந்தபோது இனி எழுதப்போவதில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு நடந்ததை நீங்கள் அறியவேண்டும்.

அன்று நீங்கள் கதிரையில் இருக்கவே எவ்வளவு நேரம் எடுத்தது. கால் மெலிந்திருந்தது. கடைக்குள் வரும்வரை நான் பாடமாக்கிக்கொண்டு வந்த வசனம் ஒன்று இருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. "கொட்வின், எனக்கு உங்களில விருப்பம் இல்லை. இனியும் வராது" என்றுதான் சொல்ல முடிந்தது. மாணவர்களுக்கும் மகளுக்கும் எத்தனையோ தரம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் ஒருவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, கோபம் இல்லாமல் அதைச் சொன்னது அன்றுதான். நீங்கள் "ஓம்" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் "ஓம்" என்றீர்கள். பிறகு கையுறையை எடுத்து மேசையில் வைத்தீர்கள். காய்ந்திருந்தது. அதை ட்ராம் தரிப்பில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன், அறிந்துகொள்ளுங்கள்.

அன்று ஹரோவில் நல்ல மழை. வீட்டுக்கு வந்தபோது படி முழுவதும் நனைந்திருந்தது, சப்பாத்தளவில் இரண்டு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. யாரோ அப்போதுதான் விலகிப்போனதுபோல. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த இடங்களும் நனைந்தன.

மறுநாள் தபால்காரர் ஒரு கட்டுக் கடிதங்களைத் தந்தார். இத்தனை நாளும் ஏன் பையிலேயே கிடந்தன என்று அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை திருமணத்துக்குப் போனேன். பின் வரிசையில் நின்றேன். கோசிகா என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றுதான் முதலில் பார்த்தாள். பிறகு வந்து என் கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிப்போனாள். குசினியில் நான் சொன்ன வார்த்தையை அவளிடம் ஒத்துக்கொண்டேன். "தெரியும் அம்மா. அது உங்கட சொல் எண்டு அப்பவே தெரியும்" என்றாள். நேற்று இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். அவளுக்கு என் மேல் உள்ள கோபம் முழுவதும் போகவில்லை. போக நாள் எடுக்கும். ஆனால் உள்ளே இருந்துகொண்டு கோபிக்கிறாள்.

உங்களுக்கு நன்றி. கால் சுகமாகட்டும்.

சிவகௌரி


மிச்சம்
11 ஜனவரி 2025

சிவகௌரி,

முதல் தடவையாகப் பெயரைச் சொல்லி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் வீட்டுக்கு வந்தது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். நல்லவிதமான சந்தோஷம்தானா என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

புது வருடத்துக்குப் பிறகு யோகமலர் அக்கா வரவில்லை. கட்டு அவிழ்த்துவிட்டார்களே, இனி நானே சமைப்பேன் என்று விட்டிருப்பார் என நினைத்தேன். படியில் கண்டபோது கேட்டேன். "நான் நேற்றும் கறி கொண்டு வந்தனான் தம்பி. உங்கட கதவடியில நிண்டவர் நீங்கள் படுக்கிறீங்கள் எண்டார்" என்றார். அன்று நான் படுக்கவில்லை.

போய்க் கதவுத் துளையால் பார்த்தேன். என் வாழ்நாளில் ஆயிரம் கதவுக்கு அந்தத் துளையைப் போட்டிருப்பேன். உங்கள் வீட்டில் அவன் தெருவைப் பார்த்து நின்றான் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே கதவைப் பார்த்து நின்றான். மிகக் கிட்ட. ஈரமான தலைமயிரும் நெற்றியும்தான் தெரிந்தன.

மூன்று நாள் பொறுத்திருந்தேன். நான் வெளியே போகும்போது வாசல் வெறுமையாக இருக்கும், என்னிடம் ஒருவரும் வரத்தான் விடுகிறான் இல்லை. தபால்காரர் மூன்றாம் மாடி வரை ஏறுகிற சத்தம் கேட்டது, பிறகு கடிதம் போடாமலே தெருவில் திரும்பிப் போவதை ஜன்னலால் கண்டேன். ஆகவே நீங்கள் பதில் போட்டாலும் வந்து சேராது. இங்கே வரவும் வேண்டாம். இதை நானே இறங்கிப்போய்ப் பெட்டியில் போடுவேன்.

நேற்றுக் காலை, துளையால் அவனைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தேன். உங்களுக்கு அவன் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தான். எங்கே போவது என்று தெரியாத ஒருவனின் முகம். வேறு விதமாக எழுத விருப்பம்தான், ஆனால் அது சவரம் செய்யாத என் முகம்தான். உள்ளே வரச் சொன்னேன். வந்து, நான் காலை நீட்டி வைத்திருந்த கதிரையில் இருந்தான். துவாய் கொடுத்தேன், தேநீர் கொடுத்தேன். இதை எழுதும்போதும் எதிரேதான் இருக்கிறான். தேநீர் ஆறிவிட்டது.

நீங்கள் என்னிடம் கேட்டதைப்போல நானும் அவனிடம் கேட்டேன். உனக்கு என்ன வேணும், உள்ளதைச் சொல்லு என்றேன்.

"ஒண்டும் வேண்டாம்" என்றான்.

குரலும் என்னுடையதுதான். எனக்கு உண்மையைச் சொல்ல இரண்டு மாதம் எடுத்தது, அதனால் அவசரப்படுத்தவில்லை. கடிதத்தைப் போட்டுவிட்டு வந்து மறுபடி கேட்பேன்.

கொட்வின்